ஆஞ்சியோகிராம் செலவு: மருத்துவமனையில் சேர்வதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிரெட்மில் டெஸ்ட் சரியில்லை, ஆஞ்சியோ பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இரண்டு பயம் சேர்ந்தே வரும். ஒன்று உயிரைப் பற்றியது, இன்னொன்று பணத்தைப் பற்றியது. முதலாவதை டாக்டரிடம் கேட்டுவிடுகிறோம். இரண்டாவதைக் கேட்கக் கூச்சப்பட்டு, கடைசியில் பில்லிங் கவுன்ட்டரில் நின்று திகைக்கிறோம். தமிழ்நாட்டில் ஆஞ்சியோகிராமுக்கு நாள் குறித்திருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன.

இப்போதே நெஞ்சு வலிக்கிறது. செலவைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கலாமா?

வேண்டாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். மாரடைப்பில் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றாலும் அங்கே போகலாம். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றையும் முதல் தவணையாக அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இந்தப் பக்கத்தில் மற்றபடி சொல்வதெல்லாம் நாள் குறித்துச் செய்யும் ஆஞ்சியோகிராமுக்குத்தான் பொருந்தும்.

ஆஞ்சியோகிராமில் சரியாக என்ன செய்கிறார்கள்?

மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்கே உள்ள ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களின் வாய்வரை கொண்டுபோவார்கள். அதன் வழியே அயோடின் கலந்த ‘டை’ மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் படமெடுப்பார்கள். நோயாளி விழித்தே இருப்பார். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மணிக்கட்டு வழியாகச் செய்தால் பலர் அன்று மாலையே வீடு திரும்பலாம்.

இது சிகிச்சை அல்ல, பரிசோதனை. அடைப்பு எங்கே, எவ்வளவு என்று காட்டும், அவ்வளவுதான். செலவு விஷயத்தில் இந்த வேறுபாடுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பின்னால் வரும் பல பதில்கள் இதில் வந்து நிற்கும்.

எவ்வளவு ஆகும்?

தனியார் மருத்துவமனைகளில் ஏறக்குறைய 12,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய் வரை. மாவட்டத் தலைநகரங்களில் உள்ள நடுத்தர மருத்துவமனைகளில் குறைவாகவும், சென்னை, கோவை நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் அதிகமாகவும் இருக்கும். அரசு மருத்துவமனைகளைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

தொலைபேசியில் சொல்லும் தொகையை அப்படியே நம்பித் திட்டமிட வேண்டாம். ‘பேக்கேஜ்’ என்று சொன்னால் அதில் எது சேர்த்தி, எது தனி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர் கட்டணம், கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) கட்டணம், டை, குழாய்கள், அரை நாள் படுக்கை ஆகியவை வழக்கமாக உள்ளே வரும். வெளியே நிற்பவை பெரும்பாலும் இவை: முன்கூட்டி எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள் (கிரியேட்டினின் கட்டாயம் பார்ப்பார்கள், டை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால்), எக்கோ என்ற இதய ஸ்கேன், ஒரு நாளுக்கு மேல் தங்கினால் அறை வாடகை, தொடை வழியாகச் செய்து துளையை அடைக்கத் தனிச் சாதனம் பயன்படுத்தினால் அதன் விலை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேறு வகை டை தேவைப்படலாம், அதன் விலை கூடுதல்.

இன்னொன்று. நடுத்தரமான அடைப்பு என்று தெரிந்தால், அது உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று பார்க்க எஃப்எஃப்ஆர் என்ற அழுத்தக் கம்பிப் பரிசோதனை செய்வார்கள். அந்தக் கம்பிக்கு மட்டுமே பல ஆயிரம் ஆகும், பேக்கேஜில் வராது. ஆனால் தேவையில்லாத ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கக் குழாய்க்குள் பொருத்தும் சிறு வலைக்குழாய்) ஒன்றைத் தவிர்க்க அது உதவுமானால், அந்தப் பணம் வீண் அல்ல.

ஆஞ்சியோ கட்டாயம்தானா? சிடி ஆஞ்சியோ போதாதா?

இதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் இதயநோய் மருத்துவர்தான். ஆனால் கேள்வியைக் கேட்பது உங்கள் உரிமை. சிடி ஆஞ்சியோவில் கையில் ஊசி போட்டு டை செலுத்தி ஸ்கேன் எடுப்பார்கள், குழாய் விடுவதில்லை. பல இடங்களில் செலவும் குறைவு. அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் சந்தேகம் தீர வேண்டும் என்ற நிலையில் அது நல்ல பரிசோதனை. அதில் ‘அடைப்பு இல்லை’ என்று வந்தால் நிம்மதியாகத் திரும்பலாம்.

அடைப்பு இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று மற்றப் பரிசோதனைகள் ஏற்கெனவே சொல்லியிருந்தால் சிடி எடுப்பது இரட்டைச் செலவாகிவிடும். எப்படியும் குழாய் வழி ஆஞ்சியோவுக்குத்தான் வர வேண்டியிருக்கும். டையும் இரண்டு முறை உடம்பில் ஏறும். ரத்தக் குழாயில் சுண்ணாம்பு அதிகம் படிந்தவர்களுக்கும், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கும் சிடி படம் தெளிவாக வராமல் போகலாம்.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: “இந்த ரிசல்ட்டைப் பொறுத்து என் சிகிச்சை மாறுமா?” மாறாது என்றால் எதற்காக எடுக்கிறோம் என்று இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

பலருக்கு 20,000 ரூபாய் என்று போய் இரண்டு லட்சத்துக்கு மேல் பில் வருகிறதே, எப்படி?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இதுதான்.

நடப்பது இப்படி. நோயாளி கேத் லேப் மேசையில் படுத்திருக்கிறார். வெளியே நாற்காலியில் மனைவியும் மகனும். கதவு திறக்கிறது, பச்சை உடையில் டாக்டர் வந்து கண்ணாடிக்கு அப்பால் உள்ள திரையைக் காட்டுகிறார். கறுப்பு நிறத்தில் கிளைவிட்டு ஓடும் எல்ஏடி என்ற முக்கியக் குழாய் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருக்கிறது. “எல்ஏடில 90 பர்சன்ட் பிளாக். குழாய் உள்ளேதான் இருக்கு, இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா? வெளிய எடுத்துட்டா மறுபடி குத்தணும்.” கையில் ஒப்புதல் படிவம். யோசிக்கக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல எந்த மகனுக்கு வாய் வரும்?

டாக்டர் சொல்வது பெரும்பாலும் நியாயமானதே. ஒரே முறையில் முடித்தால் இரண்டாம் முறை சேரும் செலவும், குத்தும் சிரமமும் மிச்சம். மாரடைப்பிலோ, படுத்திருக்கும்போதே வலி வந்துபோகும் நிலையிலோ உடனே செய்வதுதான் சரி. நடந்தால் மட்டும் வலி, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்ற நிலைமை வேறு. 2020-ல் வெளியான இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையான இதயநோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதலிலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களுக்கும், நல்ல மருந்துகளோடு தொடங்கியவர்களுக்கும் இறப்பிலோ மாரடைப்பிலோ ஒட்டுமொத்தமாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதலிலேயே ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களில் அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி குறைந்தது, அது உண்மையான பலன். இடது பிரதானக் குழாயில் கடும் அடைப்பு உள்ளவர்களும் இதயத்தின் பம்ப் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை, அவர்கள் கணக்கு வேறு.

மூன்று குழாயிலும் அடைப்பு, கூடவே சர்க்கரை நோய் என்றால் பைபாஸ் நல்லதா ஸ்டென்ட் நல்லதா என்று அறுவை சிகிச்சை நிபுணரோடும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அது மேசையில் படுத்திருக்கும்போது எடுக்கும் முடிவல்ல.

அதனால் சேர்வதற்கு முதல் நாளே டாக்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அடைப்பு தெரிந்தால் அப்போதே ஸ்டென்ட் வைப்பீர்களா, எந்த நிலையில் வைப்பீர்கள், எந்த நிலையில் நிறுத்திவிட்டு வெளியே வந்து பேசுவீர்கள்? ஒரு ஸ்டென்ட், இரண்டு ஸ்டென்ட் என்றால் மொத்தம் எவ்வளவு ஆகும்? காப்பீடு இருந்தால் ஆஞ்சியோவுக்கு மட்டும் அனுமதி கேட்டிருக்கிறார்களா, ஸ்டென்டுக்கும் சேர்த்தா? ஒப்புதல் படிவத்தில் ‘ஆஞ்சியோகிராம்’ என்று மட்டும் இருக்கிறதா, ‘தேவைப்பட்டால் ஆஞ்சியோபிளாஸ்டி’ (அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைப்பது) என்றும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளியே காத்திருக்கப் போவது யாரோ அவரும் இந்தப் பேச்சில் கூட இருக்க வேண்டும்.

ஸ்டென்டுக்கு அரசு விலை நிர்ணயித்திருக்கிறதாமே?

ஆமாம். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. அதற்கு முன் ஒரு லட்சத்தைத் தாண்டியும் விற்றது. பிறகு விலைவாசிக் குறியீட்டை ஒட்டி மாறி மாறி, சமீப ஆண்டுகளில் 38,000 ரூபாயைச் சற்றுத் தாண்டி நிற்கிறது, வரி தனி. சாதாரண உலோக ஸ்டென்டுக்கு அதைவிட மிகக் குறைவு. ‘இது வெளிநாட்டு ஸ்டென்ட், அதனால் இதற்கு உச்ச விலை கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஸ்டென்டின் விலை, பிராண்ட், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், பேட்ச் எண் எல்லாவற்றையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. ஸ்டென்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்டென்ட் விலை குறைந்ததும் மொத்த பில்லும் அதே அளவு குறைந்ததா? இல்லை. பலூன், வழிகாட்டிக் கம்பி, கேத்தட்டர் எனும் மெல்லிய குழாய் போன்றவற்றுக்கு அப்படி ஓர் உச்ச விலை இல்லை. செயல்முறைக் கட்டணமும் மருத்துவமனையின் விருப்பம். ஒரு ஸ்டென்டோடு கூடிய மொத்தச் செலவு தனியாரில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போவது சாதாரணம். ஸ்டென்ட் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம்.

அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாமா? தரம் எப்படி?

தாராளமாகச் செய்துகொள்ளலாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, ஓமந்தூரார் தோட்டப் பன்னோக்கு மருத்துவமனை, 2023-ல் திறந்த கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை, கோவை, திருநெல்வேலி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எனப் பல இடங்களில் இதயவியல் துறையும் கேத் லேபும் இயங்குகின்றன. புதுச்சேரி ஜிப்மரும் உண்டு. அங்கே இருக்கும் மருத்துவர்கள் நிறைய நோயாளிகளைப் பார்த்துக் கை பழகியவர்கள்.

சிரமம் என்னவென்றால் காத்திருப்பு. வெளிநோயாளிப் பிரிவில் காலையிலேயே சீட்டு போட வேண்டும், தேதி கிடைக்க நாள் ஆகலாம், கூட ஒருவர் அலைய வேண்டும். நிலைமை அவசரமில்லை என்று டாக்டர் சொன்னால் அந்தக் காத்திருப்பு பெரிய தொகையை மிச்சப்படுத்தும். ரயில்வே ஊழியர்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் ஆகிறதென்றால், முதலில் இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டிப் பரிந்துரை வாங்குங்கள். மாதாமாதம் பிடித்த பணம் இதற்குத்தான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வருமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-லிருந்து நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய யோஜனாவோடு இணைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம்.

ஸ்டென்ட், பைபாஸ் போன்ற சிகிச்சைகளும், சில பரிசோதனைகளும் திட்டத்தில் உண்டு. ஆனால் எந்த மருத்துவமனை எந்தச் சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரு மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கு மட்டும் திட்டத்தில் இருக்கலாம். அதனால் ‘அட்டை எடுப்பீர்களா’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘இதயத்துக்கு எடுப்பீர்களா, ஆஞ்சியோவுக்கு மட்டும் வந்தாலும் எடுப்பீர்களா, ஸ்டென்ட் வரை போனால்தான் எடுப்பீர்களா’ என்று கேளுங்கள். சேர்வதற்கு முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேல்கொண்டு பணம் கேட்டால் அதே எண்ணில் புகார் சொல்லலாம்.

அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் இது அல்லாமல் தனிக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை அலமாரியில் இருப்பதே சிலருக்கு நினைவில் வராது. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றால் முதலில் அதைத் தேடுங்கள்.

சொந்தமாக எடுத்த பாலிசி இருக்கிறது. ஆஞ்சியோ கிளைமை மறுத்துவிட்டார்கள். ஏன்?

பரிசோதனைக்காக மட்டுமே சேர்ந்தால் தர மாட்டோம் என்ற விலக்கு ஏறக்குறைய எல்லா மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளிலும் இருக்கிறது. ஆஞ்சியோ செய்து, அடைப்பு பெரிதாக இல்லை, மருந்து போதும் என்று அனுப்பிவிட்டால் இந்த விலக்கைக் காட்டுவார்கள். நல்ல செய்தியோடு வீட்டுக்கு வந்தவருக்குப் பணம் கிடைக்காது என்பது வேதனைதான், ஆனால் விதி இப்படி இருக்கிறது.

அதற்கு என்ன செய்யலாம்? பாலிசியின் டே கேர் பட்டியலில் (ஒரு நாள் முழுக்கத் தங்காமலே கிளைம் கிடைக்கும் சிகிச்சைகளின் பட்டியல்) கரோனரி ஆஞ்சியோகிராஃபி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும். நெஞ்சு வலியின் தன்மை, இசிஜி மாற்றம், டிரெட்மில் முடிவு, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எதனால் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். உள்ளது உள்ளபடி எழுதினாலே போதும், பல நேரம் அதுகூட எழுதப்படுவதில்லை. ‘ஆஞ்சியோவுக்காகச் சேர்க்கப்பட்டார்’ என்ற ஒற்றை வரியோடு போகும் கிளைம்தான் முதலில் அடிபடும்.

இன்று ஆஞ்சியோ, இரண்டு வாரம் கழித்து ஸ்டென்ட் என்றால் ஆஞ்சியோ பில்லைத் தூக்கிப்போட வேண்டாம். சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவு என்ற தலைப்பில் ஸ்டென்ட் கிளைமோடு சேர்த்துக் கேட்கலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சொல்லாமல் பாலிசி எடுத்திருந்தால் சிக்கல் வரும். சொல்லி எடுத்திருந்தால், அவற்றுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் விதிகளின்படி அதிகபட்சம் மூன்று ஆண்டு. மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஓராண்டுக்குள் போக வேண்டும்.

நல்ல அறையாக எடுத்தால் என்ன, வாடகை வித்தியாசம்தானே?

வாடகை மட்டும் அல்ல. பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருந்து, அதைத் தாண்டிய அறையில் தங்கினால், டாக்டர் கட்டணம் உட்படப் பலவற்றை அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். 4,000 ரூபாய் வரம்புள்ளவர் 8,000 ரூபாய் அறையில் தங்கினால் பில்லின் அந்தப் பகுதிகளில் பாதி கைக்காசு. மருந்துக்கும் ஸ்டென்டுக்கும் இந்த வெட்டு பொருந்தாது. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகளுக்கு 2022 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டியும் உண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இல்லை. ஒரு ராத்திரிதானே தங்கப் போகிறோம், பொது வார்டோ இருவர் அறையோ போதும்.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

மொத்தத் தொகை மட்டும் அச்சிட்ட ஒற்றைத் தாளை ஏற்க வேண்டாம். வரிக்கு வரி விவரமுள்ள பில் கேட்பது நோயாளியின் உரிமை. ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்ற தலைப்பில்தான் கண் நிற்க வேண்டும். கையுறை, சிரிஞ்ச், கம்பி, டை எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். டை எத்தனை பாட்டில், கம்பி எத்தனை, பேக்கேஜில் ஏற்கெனவே வந்தது மறுபடி தனியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாமல் மருந்தகத்துக்குத் திருப்பியது பில்லில் கழிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சண்டை போட வேண்டியதில்லை. பென்சிலால் வட்டமிட்டு ‘இது எதற்கு’ என்று பொறுமையாகக் கேட்டாலே பல நேரம் திருத்தித் தருவார்கள்.

இன்னொரு டாக்டரிடம் காட்ட நினைத்தால் மறுபடி ஆஞ்சியோ எடுக்கணுமா?

தேவையில்லை, படம் கையில் இருந்தால். ஆஞ்சியோ என்பது ஓடும் படம். காகித ரிப்போர்ட்டில் ‘70 சதவீதம்’ என்று இருப்பதை வைத்து இன்னொரு டாக்டர் முடிவு சொல்ல முடியாது, அவருக்குப் படம் வேண்டும். குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி, வெளியே வருமுன் அதில் படம் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வீட்டுக் கணினியிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

ஆஞ்சியோவுக்குப் பிறகு என்ன செலவு வரும்?

அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் மாத்திரை நீண்ட காலத்துக்கு. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை வழக்கமாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சேர்த்துக் கொடுப்பார்கள், பிறகும் ஒன்று தொடரும். காசு இல்லை என்று இதை நடுவில் நிறுத்திவிட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். இந்த மாத்திரையை வாங்க முடியாத நிலை வரும் என்று தோன்றினால் ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அதே மருந்துகள் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் வெகு குறைந்த விலைக்குக் கிடைக்கும். சீட்டில் பிராண்ட் பெயர் இருந்தால் மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு மாத்திரை இலவசம்.

வருமான வரியில் ஏதாவது கழியுமா?

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடே இல்லை, செலவை நீங்கள் செய்தீர்கள் என்றால் 80டி பிரிவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம். ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. அட்டையிலோ யுபிஐயிலோ உங்கள் கணக்கிலிருந்து கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.